அந்தப் பக்கத்து வயது

அந்த மிஸ்ஸை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவர் கையிலிருந்த போன்தான். முகம் அப்புறம்தான். பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே புங்கமரத்தடியில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எதையாவது படித்தபடி நிற்பார். பிள்ளையைக் கொண்டுவிட வரும் அம்மாக்களைப் பார்த்ததும், "அம்மா, புதுசா ஒண்ணு வந்திருக்குது, பாத்தீங்களா?" என்பார். நாங்கள் எங்கே பார்த்தோம்? தோசையை டப்பாவில் திணித்து, பிள்ளைக்கு ஷூ மாட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நேரம் அது. "இல்லீங்க மிஸ்" என்போம். அந்த "இல்லீங்க" அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடி உடனே மூக்குக்கு இறங்கிவிடும்.

ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி அது. எல்கேஜி, யுகேஜி இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. சின்னப் பிள்ளைகள் படிப்பைப் பற்றி டெல்லியில் என்ன வந்தாலும், சென்னையில் என்ன வந்தாலும், பெங்களூரில் என்ன வந்தாலும் அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிடும். பெங்களூர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்தப் பக்கம் தூங்கி அந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள். என் வீட்டுக்காரருக்கே எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி ஒரு பம்ப் கம்பெனியில்தான் வேலை. இன்றைக்கு இங்கே குடியிருப்போம், அடுத்த வருஷம் அங்கே வீடு பார்த்துப் போய்விடுவோம். அதனால் இரண்டு மாநிலத்து விதியும் தெரிந்த ஒருவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்றால் எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

மகளைச் சேர்க்கப் போன அன்று அவர் நடந்துகொண்ட விதத்தில் நான் மயங்கித்தான் போனேன். அவள் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். வேறு பள்ளிகளில் கலர் காட்டிக் கேட்டார்கள், ஆப்பிளைக் காட்டிக் கேட்டார்கள், பாட்டுப் பாடச் சொன்னார்கள். இவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"பேரைக்கூடக் கேக்க மாட்டேன்மா. சேக்கறப்போ பிள்ளைய டெஸ்ட் பண்ணக் கூடாது. அது விதி. வீட்ல என்னா பேசறீங்க?"

"தெலுங்குங்க மிஸ். நாங்க ராயக்கோட்டைப் பக்கம்."

"தெலுங்குலயே பேசுங்க. இங்கிலீசுக்கு மாத்திராதீங்க. வீட்டு பாஷையிலதான் இந்த வயசுல மூளை வேலை செய்யும். இப்ப எல்லா கொள்கையும் அதத்தான் சொல்லுது."

இதைத் தெலுங்கிலேயே சொன்னார். அதற்கு முன்னால் போன பள்ளியில், வீட்டில் தெலுங்கை நிறுத்தினால்தான் சீட்டு என்று ஓர் அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். நான் வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் வாய் ஓயாமல் மிஸ் புராணம் பாடினேன்.

சுவர் விஷயத்தைச் சொன்னால் அவரை இன்னும் புரியும். நாங்கள் சேர்த்த வருஷம் வகுப்புச் சுவர் முழுக்க யானையும் ஒட்டகமும் வரைந்திருந்தார்கள். அடுத்த கோடையில் பெயிண்டர் வந்து எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டார். எழுத்து பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஏதோ வந்திருந்ததாம். நம் இடுப்பு உயரத்தில் சுற்றிலும் ஏபிசிடி வந்தது. அதற்கடுத்த கோடையில் அதுவும் போயிற்று. சுவர் பிள்ளைகளே கிறுக்குவதற்காக இருக்க வேண்டுமாம், கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அந்தப் பெயிண்டர் எங்கள் தெருக்காரர்தான். "அந்த மிஸ்ஸு நல்லா இருக்கணும்கா, எனக்கு வருசா வருசம் மே மாசம் கவலையே இல்ல" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். யானை எங்கே என்று கேட்டு என் மகள் அழுததுதான் எனக்குச் சிரிப்பாக இல்லை.

ஒவ்வொரு முறையும் புதிது வந்ததும் பழையதை அடியோடு மறந்துவிடுவார். களிமண் கொடுத்தபோது களிமண்தான் உலகம் என்று பேசினார். பென்சிலையே காட்டக் கூடாது, விரல் எலும்பு முற்றவில்லை என்று, வீட்டுப்பாடம் கேட்டு வந்த அப்பாக்களை ஓட ஓட விரட்டினார். ஆறே மாதத்தில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அடுத்த வாரம் பிள்ளைகள் கையில் ஒர்க் ஷீட். "போன தடவ பென்சிலே வேணாம்னீங்களே மிஸ்" என்று ஒரு கன்னடக்காரத் தாய் கேட்டதற்கு, "அது போன தடவம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பழைய சுற்றறிக்கைகளைப் போனிலிருந்தே அழித்துவிடுவாராம். "இடத்த அடைக்குதும்மா."

ஆனால் அவருடைய இந்தப் படிப்பு ஒரு பிள்ளைக்கு உதவியதை நானே என் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். பக்கத்து ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் மகனைச் சேர்க்க வந்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆபீஸ் கிளார்க் அவரைக் கையசைத்துத் துரத்தப் பார்த்தார். மிஸ் உள்ளேயிருந்து விடுவிடுவென்று வந்தார்.

"சர்ட்டிபிகேட் இல்லன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பக் கூடாது சார். சட்டம். படிச்சுக் காட்டட்டுமா?"

சத்தம் கேட்டுத் தாளாளரே வெளியே வந்தார். மிஸ் அசையவில்லை. போனைத் தாளாளர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பையனுக்கு இடம் கிடைத்தது. அவன் அப்பா அவர் காலைத் தொடக் குனிந்தபோது அவர் பதறிப் பின்வாங்கினார், கண்ணாடி கீழே விழுந்தது. அன்று சாயங்காலம், "இனிமே நம்ம பொண்ணப் பத்தி நான் கவலப்பட மாட்டேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

யுகேஜியில்தான் ஸ்டிக்கர் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு மார்க் போடக் கூடாது, ரேங்க் கூடாது என்று விதி. மிஸ் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். மார்க்குக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையின் பை மாட்டும் கொக்கிக்கு மேலேயும் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். எட்ட வேண்டிய திறனை எட்டியிருந்தால் பச்சை, நெருங்கியிருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. நான் வண்டிகளுக்கு ஸ்விட்ச் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் லைனிலும் தேறாததைப் போட ஒரு சிவப்புத் தொட்டி உண்டு. அந்தக் கொக்கியைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வந்தது.

என் மகளுக்குச் சிவப்பு. காரணம், அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டில் எங்களோடு தெலுங்கு, வீட்டு ஓனர் பிள்ளைகளோடு கன்னடம், தெருவில் தமிழ் என்று மூன்று பாஷையில் வாயாடுகிறவள் அவள். வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்குள் கேள்வி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"வீட்ல நல்லாப் பேசறா மிஸ். நீங்க ஒரு வார்த்த தெலுங்குல கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாம்மா? ஆனா இது இங்கிலீஷ்ல எட்ட வேண்டிய திறன். தெலுங்குல கேட்டா அளவு தப்பாயிடும்."

சேர்க்கையன்று எனக்குப் பாடம் எடுத்த அதே வாய்.

அந்த வருஷம் முடிகிற சமயத்தில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்காரர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். மிஸ் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணாவதுக்கு ஆறு வயசுன்னு நாட்டுக்கே கொள்கை வந்துடுச்சு. அந்தப் பக்கம் பெங்களூர்ல ஆர்டரே போட்டுட்டாங்க. இங்க இன்னும் அஞ்சுதான், ஆனா இங்கயும் வரப்போவுது. உங்க பொண்ணுக்கு அஞ்சும் சில்லறையும்தான் ஆவுது. அப்பா அந்தப் பக்கம் வேல பாக்கறீங்க, நாளைக்கு குடும்பத்தோட போனீங்கன்னா அங்க ரெண்டாவதுல சேக்க மாட்டாங்க, வயசு பத்தாதும்பாங்க. திரும்ப ஒண்ணாவதுலதான் உக்கார வைப்பாங்க. புது ஊர்ல பிள்ள தாங்குமா? அதுக்கு இங்கயே யுகேஜில இன்னொரு வருசம் இருக்கட்டுமே. மிஸ் தெரிஞ்சவங்க, கிளாஸ் தெரிஞ்சது."

நாங்கள் அப்போது எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் பத்தாவதில் ஒரு வருஷம் கோட்டைவிட்டு, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்தவர். அந்த அவமானம் மகளுக்குப் புது ஊரில் வந்துவிடக் கூடாது என்று பயந்தார். "மிஸ்ஸுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது" என்று கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், விதி அந்தப் பக்கம் என்று பிள்ளைக்கு வயசு பார்த்த கூத்து எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது.

பள்ளி திறந்த பிறகுதான், வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒரு கன்னடக்காரர் சொன்னார். அந்த ஆறு வயது ஆணையைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். அப்பா அம்மாக்கள் சண்டை போட்டதால் இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு அது கிடையாதாம். தள்ளி வைத்தே பல மாதம் ஆகிவிட்டதாம். அவருடைய மகள் என் மகளைவிட இளையவள், ஒன்றாவது போய்க்கொண்டிருந்தாள். அதே வாரம் எங்கள் தெருவில் இன்னொன்றையும் கவனித்தேன். எதிர்வீட்டுப் பையனும் என் மகளோடு யுகேஜி படித்தவன்தான். அவளைவிட மூன்று மாதம் சின்னவன். அவன் கழுத்தில் ஒன்றாவதின் நீல டை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். புங்கமரத்தடியிலேயே பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் தள்ளி வெச்சிட்டாங்களாமே மிஸ்?"

"ஆமாம்மா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியுமே. எனக்குத் தெரியாம இருக்குமா?" அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் மிஸ் எங்ககிட்ட சொல்லல?"

"தள்ளித்தானம்மா வெச்சிருக்காங்க. எடுத்துடலையே. என்னைக்காவது வரும்."

"அப்ப எதிர்வீட்டுப் பையன்? அவன் எம் பொண்ணவிடச் சின்னவன்."

"அவன் ரெடியா இருந்தான்மா. அவன் பச்சை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தி வைத்த பிள்ளைகள் யாரார் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே சிவப்பு. தாளாளருக்கு ஒன்றாவது வகுப்பில் இங்கிலீஷ் வாசிக்கிற பிள்ளைகள் மட்டும் வேண்டும். பரீட்சை வைத்து ஒதுக்கினால் சட்டப்படித் தப்பு. தப்பில்லாமல் ஒதுக்குவதற்கு வயசு என்று ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார் நம் மிஸ். அந்த ஒடிசாப் பையனும் யுகேஜியிலேயேதான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஆறு எப்போதோ முடிந்துவிட்டது. அவனை நிறுத்த என்ன விதியைக் காட்டினாரோ தெரியாது, அவன் அப்பாவுக்குக் கேட்கத் தமிழும் தெரியாது.

"இப்பவே ஒண்ணாவதுக்கு மாத்துங்க மிஸ்" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "இப்ப மாத்தினா பிள்ளைக்கு மன உளைச்சல்மா. நடுவுல இடம் மாத்தக் கூடாதுன்னு கொள்கையிலயே இருக்குது. காட்டட்டுமா?" என்று போனைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்தப் போனைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. வேறு பள்ளிகளில் அட்மிஷன் முடிந்துவிட்டிருந்தது. அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றேன், வீட்டுக்காரர் கேட்கவில்லை. "ஒரு வருசம்தான, விடு" என்றார். அவருக்கு அது ஒரு வருஷம்.

என் மகளுக்கு அது என்னவாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். வகுப்பிலேயே அவள்தான் உயரம். கூடப் படிக்கிறவர்கள் அவளை அக்கா என்றார்கள். அவளுடைய பழைய சிநேகிதிகள் நீல டை கட்டி வரிசையில் போகும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டுவார்களாம். முதலில் இவளும் ஆட்டினாள், அப்புறம் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தாள் என்று ஆயாம்மா சொன்னார். ஆண்டு விழா நடனத்தில் உயரம் பொருந்தவில்லை என்று பின்னால் மரமாக நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் ஓனர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போவதையும் நிறுத்திக்கொண்டாள். எந்த வகுப்பு என்று அவர்கள் கேட்பார்கள் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நேனு ஃபெயிலா?"

நான் ஃபெயிலா என்று தெலுங்கில் கேட்டாள். அடுத்த சொம்புத் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினேன். மறுநாள் இதை மிஸ்ஸிடம் சொன்னேன். மனசு இளகுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஃபெயில்ங்கற வார்த்தையே இந்த வயசுல கூடாதேம்மா! வீட்ல யாராவது சொன்னீங்களா? சொல்லாதீங்க" என்று எனக்கு அறிவுரை சொல்லி அனுப்பினார்.

எனக்கு அவர்மேல் இருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஒன்றும் தெரியாதவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டிருப்பேன். இவர் எல்லாம் தெரிந்தவர். பிள்ளைக்கு எது நல்லது என்று இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். ஆனால் இத்தனை வருஷத்தில் எந்தக் கண்ணு எந்த வீட்டுப் பிள்ளை என்று அவர் ஞாபகம் வைத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. என்னையும் அவர் ஒரு நாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் எல்லா அம்மாக்களையும்போல ஓர் அம்மா.

நாங்கள் ஆனேக்கலுக்குப் போகவே இல்லை. யுகேஜி இரண்டாம் முறை முடிந்ததும் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. அங்கே முதல் வாரமே டீச்சர் அவளிடம் தெலுங்கில் கதை கேட்டார். மெல்ல மெல்ல வாய் திறந்தாள். மிஸ்ஸும் அந்தப் பள்ளியை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் திறந்தார்கள். சனிக்கிழமை. பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்றார்கள், நான் மகளை அழைத்துப் போனேன். கேன்டீனில் நாற்காலி போட்டிருந்தார்கள். சிறப்புப் பேச்சாளர் என்று மைக் முன்னால் வந்து நின்றவர் அவர்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. போன் பெரிதாகியிருந்தது.

"நம்ம மாநிலத்துக்குன்னு தனிக் கொள்கை வந்தாச்சு, பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார். "அஞ்சு முடிஞ்சா ஒண்ணாவது. அவ்ளோதான். ஆறு கீறுன்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. அந்தப் பக்கத்து விதி அந்தப் பக்கத்துக்கு. ரெடியா இல்லன்னு சொல்லி ஒரு பிள்ளையைக் கூட நிறுத்தக் கூடாது. பிள்ள ரெடியா இருக்கணும்னு இல்ல, பள்ளிக்கூடம்தான் பிள்ளைக்கு ரெடியா இருக்கணும்!"

கேன்டீனே கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் பேசினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று மகள் கையைப் பிடித்தேன், அதற்குள் டீயும் போண்டாவும் வந்துவிட்டன. மிஸ் ஒவ்வொரு மேஜையாக வந்து பிள்ளைகளிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். எங்கள் மேஜைக்கும் வந்தார். என்னைப் பார்த்து எல்லாருக்கும் சிரிப்பதுபோல் சிரித்தார். அடையாளம் தெரியவில்லை.

"எந்த கிளாஸ் கண்ணு?"

"மூணாவது."

"வயசு என்னா?"

"எட்டு முடிஞ்சு ஒம்போது நடக்குது."

அவர் நெற்றி சுருங்கியது. ஒரு கணம்கூட ஆகவில்லை, கணக்குப் போட்டுவிட்டார். "அப்ப நாலாவதுல இல்ல நீ இருக்கணும்?" என்றவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் நிஜமான கோபம்.

"அம்மா, யாரோ உங்க பிள்ளைய ஒரு வருசம் நிறுத்தி வெச்சிருக்காங்க. எவ்ளோ பெரிய தப்பு தெரியுமா? நீங்க அன்னைக்கே சண்டை போட்டிருக்கணும். இப்பிடி விட்டுட்டீங்களே!"

என் வாயில் போண்டா இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவர் மறுபடியும் குனிந்து, என் மகளின் கன்னத்தைத் தொட்டுக் கேட்டார். "எந்த மிஸ் கண்ணு உன்ன அப்பிடிப் பண்ணாங்க? பயப்படாத. பேரச் சொல்லு, நான் பேசறேன்."

என் மகள் அவர் முகத்தை நேராகப் பார்த்து, இனிஷியலோடு சேர்த்து, அவர் பெயரைச் சொன்னாள்.